விடுதலைத் தீர்ப்பன்று அந்த அம்மாவிடம் என்ன சொல்கிறீர்கள்?

மாவட்ட நீதிமன்றங்களில் அரசுத் தரப்பில் வாதாடும் குற்றவியல் வழக்கறிஞர்களுக்கு,

வணக்கம். எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, சிறைத்தண்டனை என்றால் தீர்ப்பு நகல் உடனே, இலவசமாக அவர் கைக்கு வந்துவிடுகிறது. விடுதலை என்றால்? மகனைப் பறிகொடுத்த தாய் வராந்தாவில் நின்று, “என்ன சார் சொன்னாங்க?” என்று கேட்கிறார். “விடுதலை ஆயிடுச்சும்மா. அப்பீல் போறதை கவர்மென்ட் பார்த்துக்கும்” என்ற பதிலோடு பஸ் ஏறிவிடுகிறார். நகல் வேண்டுமென்றால் மனு போட்டு, கட்டணம் கட்ட வேண்டும் என்பதைக்கூட யாரும் சொல்வதில்லை.

அரசு பார்த்துக்கொள்ளும் என்பது பாதிதான் சரி. அரசுக்கு 90 நாள் கெடு. உயர் நீதிமன்றத்துக்குப் போக அதன் அனுமதியும் வேண்டும். கோப்பு மேசை மேசையாக நகரும் வேகம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் 2009 டிசம்பர் 31 முதல், பாதிக்கப்பட்டவரே மேல்முறையீடு செய்யலாம். இறந்துபோனவரின் வாரிசும் செய்யலாம். அவர்களுக்கு அந்த அனுமதி தேவையில்லை என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இன்று அது, பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 413-ஆம் பிரிவில் இருக்கிறது.

இது தெரியாமல், மேல்முறையீட்டுக்குப் பதில் சீராய்வு மனு (கீழ் நீதிமன்ற உத்தரவு முறையானதுதானா என்று பார்க்கச் சொல்லும் ரிவிஷன்) போட்டால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டு வழக்கே இருக்கிறது. அப்படி வந்த மனுவில் சென்னை உயர் நீதிமன்றம் விடுதலையை ரத்துசெய்து தண்டனை கொடுத்தது. சீராய்வில் விடுதலையைத் தண்டனையாக மாற்றவே முடியாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளியது. வருடக்கணக்காக அலைந்த பாதிக்கப்பட்ட தரப்பு மறுபடி உயர் நீதிமன்றப் படியேற வேண்டியதாயிற்று.

எல்லா விடுதலையையும் மேலே கொண்டுபோகச் சொல்லவில்லை. சாட்சியத்தை இரண்டு விதமாகப் பார்க்க இடமிருந்தால், எதிரிக்குச் சாதகமான பார்வையைக் கலைக்கக் கூடாது. 2007-இல் கர்நாடக வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக வகுத்தது, நியாயமான விதிதான். நேரில் பார்த்த சாட்சியே பிறழ்ந்துபோன வழக்கில் வீண் நம்பிக்கை கொடுப்பது பாவம். ஆனால் காயம்பட்ட சாட்சியின் வாக்குமூலத்தையும் மருத்துவரின் சாட்சியத்தையும் நீதிபதி கணக்கிலேயே எடுக்கவில்லை என்றால், அது வேறு கதை. இது எந்த ரகம் என்று அந்த அம்மாவை விட, சாட்சிகளை விசாரித்த உங்களுக்குத்தானே தெரியும்? அதை மறைக்காமல் சொல்லுங்கள்.

அப்புறம், அன்று சாயங்காலத்துக்குள் நகல் மனுவைப் போடவைத்து, மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள்.

இப்படிக்கு,
கீழமை நீதிமன்ற வக்கீல் ஒருவர்