சுவர்ப்பக்கம் திரும்பிய ராஜா

மாப்ளே,

ஆறு மாசமா உனக்கு ஒரு வரி எழுதல. தப்புதான். ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு நடமாடுறேன். அக்காவை அழ வேண்டாம்னு சொல்லு.

ஆபரேஷனுக்கு முந்தின ராத்திரி பூரா எசேக்கியா நெனப்புதான். ஞாயிறு பள்ளி நாடகத்துல சுவர்ப்பக்கம் திரும்பி அழுடான்னா கெக்கெக்கேன்னு சிரிச்சியே, பைபிள்ல வர்ற அதே ராஜாதான். 25 வயசுல யூதாவுல பட்டத்துக்கு வந்து, 39-ல சாகக் கிடந்தப்ப சுவர்ப்பக்கம் திரும்பி ஆண்டவர்கிட்ட அழுதவன். ஏசாயா தீர்க்கதரிசி சொல்லி அத்திப்பழ அடையைப் பிளவைமேல பத்துப் போட்டாங்க. இன்னும் 15 வருஷம் கிடைச்சுது.

வீட்டுக்கு வந்ததும் அவனைப் பத்தியே தேடித் தேடிப் படிச்சேன். கீகோன் ஊத்துத் தண்ணியை எருசலேமுக்குள்ள கொண்டுவர, பாறைக்குள்ள 533 மீட்டர் குடைஞ்சிருக்காங்க. ரெண்டு பக்கமும் வெட்டிக்கிட்டே வந்து நடுவுல சந்திச்சிருக்காங்க! 1880-ல அந்தச் சுரங்கச் சுவர்ல ஒரு கல்வெட்டு கிடைச்சுது. இந்தப் பக்கத்து ஆள் கூப்பிட்ட சத்தம் அந்தப் பக்கம் கேட்டதும், பிக்காசோட பிக்காசு மோதினதும் அதுல இருக்கு. ராஜா பேரு இல்ல. வெட்டினவங்க சந்தோஷம் மட்டும் இருக்கு. படிச்சப்ப கண்ணு கலங்கிருச்சு.

கி.மு. 701-ல அசீரியா ராஜா சனகெரிப் வந்து யூதாவுல 46 ஊரைப் பிடிச்சான். எசேக்கியாவைக் கூண்டுப் பறவையா அடைச்சேன்னு எழுதிவச்சான். ஆனா எருசலேமைப் பிடிச்சேன்னு எழுத முடியல.

இவ்வளவு செஞ்சவன்தான், பாபிலோன் தூதருக்குப் பொக்கிஷம் பூராத்தையும் திறந்து காட்டினான். இதெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் பிள்ளைகளையும் கொண்டுபோவாங்கன்னு ஏசாயா சொன்னப்ப அவன் என்ன சொன்னான் தெரியுமா? ‘என் நாட்களிலாவது சமாதானமும் உண்மையும் இருக்குமே.’ அப்பன் பேசுற பேச்சா அது? அவனுக்குப் பின்னால பட்டத்துக்கு வந்த மனாசேக்கு வயசு 12. கணக்குப் போட்டுப் பாரு, அழுது வாங்கின அந்த 15 வருஷத்துக்குள்ள பிறந்த பிள்ளை. அவன் 55 வருஷம் ஆண்டு, அப்பன் இடிச்ச வழிபாட்டு மேடைகளையெல்லாம் திரும்பக் கட்டினான்.

மாப்ளே, வயல் பாகப்பிரிவினை பத்திப் பெரியவன் கேட்டப்பல்லாம் நானும் அதையேதான் சொல்லிட்டிருந்தேன்: ‘என் காலத்துல சண்டை வேண்டாம், அப்புறம் பாத்துக்கோங்க.’ பசங்க ரெண்டு பேரும் முகம் பாத்துப் பேசி மூணு வருஷமாச்சு.

அடுத்த சனிக்கிழமை ரெண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கேன். நீ நடுவுல உட்காரணும். உன்கிட்ட இருக்கிற பழைய பத்திர நகலையும் எடுத்துட்டு வா.

உன்
மாப்ள