நாட்டின் பெயர் மட்டும் போதாது: உற்பத்தி நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

வெளிநாட்டு ஆலைகளில் பொருளைச் செய்து வாங்கி, சொந்தப் பெயரில் விற்கும் நிறுவனங்களின் நிர்வாகிகளுக்கு,

வணக்கம்.

உள்நாட்டுப் பொருளை வாங்குங்கள் என்று ஆளாளுக்கு எங்களுக்குப் புத்தி சொல்கிறார்கள். மலிவைத் தேடி ஓடும் வாடிக்கையாளரால்தான் ஆலைகள் மூடப்பட்டன என்ற பழியும் எங்கள் தலையில்தான் விழுகிறது. இயந்திரங்களைக் கழற்றிக் கப்பலேற்ற முடிவெடுத்த கூட்டத்துக்கு எங்களை யாரும் கூப்பிடவில்லை. அது போகட்டும். உள்நாட்டுப் பொருள்தான் வேண்டும் என்று கடைக்கு வருகிறவருக்கு, எது உள்நாட்டுப் பொருள் என்றாவது தெரிய வேண்டாமா?

பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பொடி எழுத்தில் ஒரு நாட்டின் பெயர் இருக்கிறது. அதை வைத்து என்ன தெரிந்துகொள்வது? கலிஃபோர்னியாவில் வடிவமைத்தது, சீனாவில் பாகங்களைச் சேர்த்துப் பூட்டியது என்று, ஆப்பிள் நிறுவனத்தின் பாட்டுக் கருவியான ஐபாடின் முதுகில் அச்சிட்டிருந்தார்கள். 2005-இல் 299 டாலருக்கு விற்ற 30 ஜிபி ஐபாடை அமெரிக்க ஆய்வாளர்கள் பாகம் பாகமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பூட்டிச் சோதித்ததற்கான செலவு ஏறக்குறைய 4 டாலர். இருந்த பாகங்களிலேயே விலை கூடிய ஹார்ட் டிஸ்க், தோஷிபா என்ற ஜப்பானிய நிறுவனத்துடையது. அந்தப் பெயர் முதுகில் இல்லை.

விதிகளும் நாட்டுக்கு நாடு வேறு. கைக்கடிகாரத்தில் 'சுவிஸ் தயாரிப்பு' என்று போட, உற்பத்திச் செலவில் 60 விழுக்காடாவது சுவிட்சர்லாந்தில் ஆகியிருக்க வேண்டும். 2017 முதல் இதுதான் அளவுகோல். அமெரிக்காவிலோ, பொருள் முழுவதுமோ கிட்டத்தட்ட முழுவதுமோ அங்கேயே ஆகியிருந்தால்தான் அமெரிக்கத் தயாரிப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். கடைக்குப் போகும்போது சட்டப் புத்தகத்தையும் பையில் போட்டுக்கொண்டா போவது?

இந்த மறைப்பின் விலை உயிராகவும் இருந்திருக்கிறது. 2013 ஏப்ரல் 24 அன்று வங்கதேசத்தின் சாவரில் ஆடை ஆலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே யாருக்காகத் துணி தைக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க, இடிபாட்டுக்குள் கிடந்த துணிகளின் லேபிள்களைத் தேடி எடுக்க வேண்டியிருந்தது. தங்கள் ஆர்டர் அந்தக் கட்டடத்துக்குப் போனதே தெரியாது என்று கைவிரித்த நிறுவனங்களும் உண்டு. ஒருவருக்குக் கொடுத்த வேலையை அவர் இன்னொருவருக்குக் கைமாற்றிவிடும்போது, கடைசியில் தைப்பது யார் என்பது தலைமையகத்துக்கு எட்டாமலே போகிறது. அதன்பிறகு பல ஆடை நிறுவனங்கள் தங்களுக்குத் தைக்கும் ஆலைகளின் பெயரையும் முகவரியையும் வெளியிடத் தொடங்கின. அவர்கள் வியாபாரம் நடந்துகொண்டுதான் இருக்கிறது.

இப்படிக் கைவிட்டுப் போவதில் உங்களுக்கும் நஷ்டம்தான். போயிங் நிறுவனம் 787 விமானத்தின் பெரும் பாகங்களை ஜப்பான், இத்தாலி என்று பல நாட்டு நிறுவனங்களிடம் பிரித்துக் கொடுத்தது. 2007 ஜூலை 8 அன்று விழா எடுத்து விமானத்தைக் காட்டியபோது, சரியான இணைப்பாணிகள் போதுமான அளவு வந்து சேராததால் பல இடங்களில் தற்காலிக ஆணிகள்தான் அதைப் பிடித்திருந்தன. 2008-இல் தர வேண்டிய முதல் விமானத்தை 2011 செப்டம்பரில்தான் தர முடிந்தது. இடையில், பின்பகுதி உடலைச் செய்துகொண்டிருந்த ஆலையைப் போயிங்கே விலைக்கு வாங்க வேண்டியதாயிற்று.

எல்லாவற்றையும் உள்நாட்டுக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள் என்று நான் கேட்கவில்லை. எந்த நாடும் தனக்கு வேண்டிய சிப் முதல் செருப்பு வரை தானே செய்துகொள்வதில்லை. கூடுதல் விலை கொடுத்து உள்நாட்டுப் பொருளை வாங்குவதா, மலிவானதை எடுப்பதா என்பதை நாங்கள் முடிவு செய்துகொள்கிறோம். முக்கியப் பாகங்கள் எந்த நாட்டில் ஆனவை, எந்த ஆலையில் பூட்டப்பட்டது, வேலை வேறு யாருக்காவது கைமாற்றப்பட்டதா என்பதை மட்டும் பெட்டியிலோ க்யூஆர் குறியீட்டிலோ போடுங்கள். ஆலை மாறினால் அதையும் மாற்றுங்கள்.

வாங்கிய ஒவ்வொரு பாகத்துக்கும் பில் கட்டியவர்கள் நீங்கள். ஆகவே இந்த விவரம் உங்கள் கொள்முதல் பிரிவில் இருக்க வேண்டும். இருந்தால் எப்போது வெளியிடுவீர்கள் என்று எழுதுங்கள். இல்லையென்றால், இல்லை என்பதையாவது பெட்டியில் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாடிக்கையாளர்