கீழ்த் தட்டில் கிடந்த அரிசி மா

ஆசிரியர் அவர்களுக்கு,

மட்டக்களப்பு நகரத்து சுப்பர் மார்க்கெட்டுகளில் நம்மூர்ச் சாமான்களைக் காணக் கிடைப்பதில்லை, நம்மவர்களுக்குப் பொதியிடத் தெரியாததே காரணம் என்று கடந்த வாரம் இப்பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். நானும் மச்சாளும் ஆரையம்பதியில் வறுத்த சிவப்பரிசி மா செய்து விற்கிறோம். பொதியிடலை ஒழுங்காகத்தான் செய்தோம்.

பிரதேச செயலகத்தில் வியாபாரத்தைப் பதிந்தோம். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து குசினியைப் பார்த்தார். உற்பத்தித் திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், நிறை, உச்ச சில்லறை விலை எல்லாவற்றையும் மூன்று மொழியிலும் அச்சிட்டோம். காசு கட்டி 479இல் தொடங்கும் பார்கோட்டும் வாங்கினோம். (அந்த 479ஐப் பார்த்து இலங்கையில் செய்த பொருள் என்று பலர் நம்புகிறார்கள். இலக்கத்தை இங்கே பதிந்தார்கள் என்பதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.)

இத்தனையும் முடிந்து கடைக்குப் போனால், மெனேஜர் தங்கமான மனுசன், தேத்தண்ணி தந்துதான் பேசினார். "சாமானை வையுங்கோ. விற்றதுக்கு 45 நாளில் செக். விற்காதது திரும்பி வரும்." அரைக் கிலோப் பைகள் 120 கொடுத்தோம்.

வெல்லாவெளிப் பக்கம் நெல்லை நாங்கள் கைக்காசுக்கு வாங்குகிறோம். மில்லுக்காரருக்குக் கூலி அன்றைக்கே. இப்படிப் பார்த்தால் அத்தனை பெரிய கடைக்கு ஒன்றரை மாதம் வட்டியில்லாமல் கடன் கொடுப்பது, சீட்டுக் காசில் வியாபாரம் தொடங்கிய இரண்டு பெண்கள்.

ஒரு நாள் வாடிக்கையாளர் மாதிரி உள்ளே போய்ப் பார்த்தேன். கண் மட்டத்துத் தட்டு முழுக்கக் கொழும்புக் கம்பனி மா. கம்பனிப் பொடியன் ஒருவன் துணியோடு வந்து, பைகளைத் துடைத்து, முகம் தெரிய நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனான். எங்களுடையது ஆகக் கீழ்த் தட்டில், தரை துடைக்கிற வாளிக்குப் பக்கத்தில் சரிந்து கிடந்தது. குனிந்து நானே நிமிர்த்தினேன். எங்கள் சார்பில் தினமும் போய் நிமிர்த்த ஆளுக்கு நாங்கள் எங்கே போவது?

41 பைகள் திரும்பி வந்தன. காலாவதிக்கு 12 நாள்தான் இருந்தது. சிலவற்றின் மூலையில் வண்டு. மிச்சத்தை யாருக்கு விற்க? பக்கத்து வீட்டுக் கோழிகளுக்குத்தான் யோகம்.

கடைக்காரரையே முழுக்கக் குறை சொல்லவில்லை. தட்டில் இடம் என்றால் வாடகை, கரண்ட், ஆள் சம்பளம் எல்லாம் இருக்கிறது. ஆனால் தட்டு நம்மவர்களுக்குக் கிடைக்காதது லேபலில் உள்ள குறையால் என்று இனிச் சொல்லாதீர்கள். 45 நாள் காசைப் புதைத்து வைக்கவும், திரும்பி வருகிற சாமானின் நட்டத்தைத் தாங்கவும் வசதி உள்ளவனுக்குத்தான் அந்தத் தட்டு.

சிறு உற்பத்தியாளருக்குக் கிழமைக்கொருமுறை விற்ற கணக்கைப் பார்த்துக் காசு தரட்டும். போகாத சாமானை ஒரு மாதத்துக்குள் திருப்பட்டும், வேறு கடையில் கொடுத்துவிடுவோம். இந்த இரண்டையும் ஒத்துக்கொள்கிற கடை இருந்தால் நாளைக்கே மா கொண்டுவருகிறோம்.

இப்போதைக்குக் காத்தான்குடியில் ஒரு பலசரக்குக் கடை முதலாளி எடுக்கிறார். பார்கோட் கேட்பதில்லை. பையைப் பிரித்து ஒரு சிட்டிகை வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, லாச்சியைத் திறந்து காசை எண்ணித் தருகிறார்.

இப்படிக்கு,
மா விற்கும் வாசகி,
ஆரையம்பதி.