பொருள்: எங்கள் சர்க்கரை ஆலையின் 3-ஆம் எண் பானில் (பாகு காய்ச்சும் கலன்) பிரிக்ஸ் புரோப் (பாகின் செறிவை அளக்கும் கருவி) கோளாறு – ஆறாவது புகார்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் அனுப்பிய ஐந்து புகார்களுக்கும் புகார் எண் மட்டும்தான் வந்தது. ஆள் வரவில்லை.

திரையில் மிகைச்செறிவு (கரையக்கூடிய அளவுக்கு மேல் சர்க்கரை சேர்ந்த நிலை) 1.10 என்று காட்டியதும் ஸ்லரி, அதாவது விதைப் படிகக் கலவை, விடுகிறோம். ஆனால் பானுக்குள் சிரப் அதற்கு முன்பே அளவு மீறி இறுகிவிடுகிறது. விட்ட விதை வளர்வதற்குள் ஃபால்ஸ் கிரெயின் (தானாக உருவாகும் வேண்டாத நுண்படிகம்) கொட்டுகிறது. எம்-30 ரகச் சர்க்கரை எதிர்பார்த்தால் பாதி மாவாக வருகிறது. படிகங்களின் அளவு வேறுபாட்டைக் காட்டும் சி.வி. 28-க்குள் நின்றது போய் 40-ஐத் தாண்டுகிறது. பொடி, படிகத்தைப் பாகிலிருந்து பிரிக்கும் சென்ட்ரிஃபியூகல் இயந்திரத்தின் சல்லடையை அடைக்கிறது. கூடுதலாகத் தண்ணீர் அடித்தால் சர்க்கரை கரைந்து மொலாசஸோடு (கழிவுப் பாகோடு) போகிறது. இந்த சீசனே பாழாகிவிட்டது, ஐயா.

புரோபில் படிவு ஏறினால் அளவு விலகும் என்பது உங்களுக்குத் தெரியாததா? வெந்நீரில் கழுவியும் பார்த்தாகிவிட்டது.

"கழற்றிக் கொண்டு வாங்க, சனிக்கிழமை ஆள் இருப்பார்" என்று உங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அரவை நடக்கும் நேரத்தில், இரவு பஸ்ஸில் புரோபை மடியில் வைத்துக்கொண்டு கோயம்புத்தூர் வந்தேன். காலை 9 மணிக்கு உட்கார்ந்தவனிடம் மதியம் 1 மணிக்கு ஒருவர் வந்தார். பெட்டியைக்கூடத் திறக்கவில்லை. "உங்க பான்மேனுக்கு கிரெயின் பிடிக்கத் தெரியலை, மெஷின் என்ன பண்ணும்?" என்றார்.

எங்கள் பான்மேன் 27 வருடமாகப் பான் ஓட்டுகிறவர். விரலில் பாகை இழுத்து நூல் பார்த்தே சொல்லிவிடுவார். இரண்டு வாரமாக உங்கள் கன்ட்ரோலரை அணைத்துவிட்டு அவர் கையால்தான் ஓட்டுகிறார். அதே பான், அதே சிரப். கிரெயின் ஒரே சீராக வருகிறது. வரும் மே மாதம் அவர் ஓய்வு பெறுகிறார். அவருக்குப் பிறகு வேண்டும் என்றுதான் இதை வாங்கினோம். அவரைத்தான் உங்கள் ஆள் அப்படிப் பேசினார்.

தயவுசெய்து ஒரு பொறியாளரை அனுப்புங்கள். ரிஃப்ராக்டோமீட்டரோடு (செறிவை ஒளியைக் கொண்டு அளக்கும் கருவி) வந்து, பான் ஓடும்போதே பக்கத்தில் நின்று அளவைச் சரிசெய்யட்டும். பத்து நாளில் வரவில்லை என்றால் மீதி 10 சதவீதப் பணம் கிடையாது. வக்கீல் நோட்டீஸ் வரும். தெரிந்த ஆலைகளுக்கெல்லாம் நானே போன் செய்து சொல்வேன்.

அப்புறம், அந்தச் சனிக்கிழமைக்கு 'சோதனைக் கட்டணம்' என்று பில் அனுப்பியிருக்கிறீர்கள். திறக்காத பெட்டிக்கு என்ன சோதனை? அதை உடனே ரத்து செய்யுங்கள்.

இப்படிக்கு,
பாயிலிங் ஹவுஸ் பொறுப்பாளர்