பழைய அறுவைக் கருவிகள் கண்காட்சி: கொண்டுவருவோர் கவனத்துக்கு

நண்பர்களே, வணக்கம். வரும் ஞாயிறு (16-ஆம் தேதி) காலை 10 மணிக்கு உடற்கூறியல் அரங்கில் கண்காட்சி. கருவிகளை 8.30-க்குள் ஒப்படைத்துவிடுங்கள்.

1. கருங்காலி, தந்தக் கைப்பிடிகளில் தண்ணீரோ ஸ்பிரிட்டோ படக்கூடாது. ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். தந்தம் வெடிக்கும், மரத்தின் மெருகு கரையும். அறுவை மருத்துவர் லிஸ்டர், கிருமிகளைக் கொல்லும் கார்பாலிக் அமில முறையை வெளியிட்டது 1867-இல். கருவிகளைக் கொதிக்கவைத்தும் நீராவியாலும் கிருமி நீக்குவது பரவியது 1880-களுக்குப் பிறகு. முழு உலோகக் கைப்பிடி வந்ததே அதனால்தான். உங்களிடம் இருப்பவை அதற்கும் முந்தியவை.
2. துருவை எடுக்க உப்புத்தாள் போடாதீர்கள், தயவுசெய்து! கைப்பிடிக்குச் சற்று மேலே, அலகில் மங்கலாகத் தெரியும் தயாரிப்பாளர் முத்திரை போனால் காலத்தைக் கணிப்பது கடினம். உலர்ந்த பருத்தித் துணி போதும். எஃகில் மட்டும் ஒரு சொட்டு தையல் மெஷின் எண்ணெய்.
3. பெட்டிக்குள் இருக்கும் வெல்வெட் ஈரம் இழுக்கும். பெட்டி தனி, கருவி தனி.
4. கையுறை கட்டாயம். வியர்வை உப்பு துருப்பிடிக்க வைக்கும். உறுப்பு நீக்கும் கேட்லின் கத்திக்கு இரு பக்கமும் கூர், இன்றும் வெட்டும்.
5. ரம்பத்தின் திருகு இறுகியிருந்தால் திருப்பாதீர்கள், மரை போய்விடும்.

வெள்ளி இரவு 9-க்குள் கருவியின் பெயரும், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்த 2 படங்களும் (கைப்பிடி, முத்திரை) இங்கேயே அனுப்புங்கள். வராதவர்களும் ஒரு வரி பதில் போடுங்கள்.