கூழைக்கடாவுக்கு ஜனவரிக் கணக்கு மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2011 முதல் ஜனவரிதோறும் நடைபெற்றுவரும் தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பில் சில ஆண்டுகளாகப் பங்கேற்று, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் குளங்களைச் சுற்றி வருபவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன். மாணவர்களும் விவசாயிகளும் விடியற்காலையில் கரையில் நின்று எண்ணித் தரும் அந்தக் கணக்கு மதிப்பு மிக்கது. ஆயினும் குளத்து மரங்களில் கூடு கட்டும் கூழைக்கடாக்கள் (பெலிகன் பறவைகள்) எத்தனை வந்தன என்பதை அது சொல்லுமே தவிர, எத்தனை குஞ்சுகள் பறந்து சென்றன என்பதைச் சொல்லாது.

இப்பறவை அடைகாக்க ஏறத்தாழ 1 மாதமும், குஞ்சு இறக்கை முற்றிப் பறக்க மேலும் 3 மாதங்களுக்குக் குறையாமலும் ஆகும். தையில் முட்டையிட்டால் வைகாசி வரை குளத்தில் நீரும் மீனும் இருந்தாக வேண்டும். சித்திரையில் நீர் வற்றும்போதோ மீன்பாசி, அதாவது குளத்தில் மீன்பிடிக்கும் உரிமையை, ஏலம் எடுத்த குத்தகைதாரர் வலை இறக்குகிறார். பணம் கட்டியவரைக் குறை சொல்லவும் இயலாது.

அதைவிடக் கொடிது, கூடுகளை நெருங்குவது. ஒரு குளத்தில், படம் எடுப்பதற்காக இடுப்பளவு நீரில் இறங்கிக் கருவேல மரங்களை அண்டியவர்களைக் கண்டேன். தாய்ப்பறவைகள் ஒருசேர எழும்பிய சில நிமிடங்களில் காக்கைகள் முட்டைகளின் மேல் இறங்கின. இறகு முளைக்காத குஞ்சுகள் வெயிலில் நிழலின்றிக் கிடந்தன. அந்தக் காட்சியை இன்றும் மறக்க முடியவில்லை.

1994இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கூந்தன்குளத்தில், தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல், வீட்டருகே மரங்களில் கட்டிய கூடுகளின் எச்சத்தையும் நாற்றத்தையும் பொறுத்துக்கொள்ளும் ஊரார் இருக்கின்றனர். சரணாலயம் அல்லாத குளங்களுக்கு அத்தகைய காவல் இல்லை. கர்நாடகத்தின் கொக்கரே பெள்ளூரில் 2017 இறுதி முதல் கூழைக்கடாக்கள் அடுத்தடுத்து இறந்து, புழுத்தொற்று கண்டறியப்பட்டது. அங்கே கூடுகள் ஊருக்குள்ளேயே இருந்ததால் சாவுகள் மக்கள் கண்ணில் பட்டன. ஆளரவமற்ற குளமாயின் யாருக்குத் தெரிந்திருக்கும்?

எனவே கூடுள்ள ஒவ்வொரு குளத்துக்கும் அவ்வூர்த் தன்னார்வலர் இருவர், கரையை விட்டு இறங்காமல், தொலைநோக்கி வழியாக 15 நாளுக்கு ஒருமுறை கூடுகளையும் குஞ்சுகளையும் எண்ணி வனத்துறைக்கு அனுப்ப ஏற்பாடு வேண்டும். கடைசிக் குஞ்சு பறந்தது அப்பதிவில் உறுதியாகும் வரை மீன்பிடிப்பு, தூர்வாருதல், மரம் வெட்டுதல் ஆகியவற்றை அக்குளத்தில் தள்ளிவைக்க வேண்டும். குத்தகை நிபந்தனையிலேயே இதைச் சேர்த்தால் ஏலம் எடுப்பவருக்கும் இழப்பில்லை. அடுத்த மீன்பாசி ஏல அறிவிப்பு வெளியாகும் முன், நாங்கள் அறிந்த கூடுள்ள குளங்களின் பட்டியலைத் தர ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
பறவைக் கணக்கெடுப்புத் தன்னார்வலர்,
திருநெல்வேலி