செல்லம்னு கூப்பிடச் சொன்னாங்களாமே

ஏய், எப்படி இருக்க?

உன் லெட்டர் வந்து 3 வாரம் ஆகுது, பதில் போடலன்னு கோச்சுக்காத. அம்மாவுக்கு ரெண்டாவது கண்ணுலயும் புரை எடுத்தாச்சு, நல்லபடியா முடிஞ்சுது, சொட்டு மருந்து வேளாவேளைக்கு போட்டு இப்பதான் கொஞ்சம் மூச்சு விடுறேன். என் முட்டி வலி அப்படியேதான் இருக்கு. மாடிப்படி ஏறுறத விட்டாச்சு.

உன் பொண்ணு விஷயம் எழுதியிருந்தியே, அதை நாலு தடவ படிச்சேன். துணிக்கடைல சேர்ந்து 2 மாசம்தான் ஆச்சு, அதுக்குள்ள சூப்பர்வைசர் கூப்பிட்டு "வர்ற பொம்பளைங்கள டியர், செல்லம்னு கூப்பிடு, இல்லன்னா அக்கான்னாவது சொல்லு, நீ விறைப்பா நிக்கிற"ன்னு திட்டினாங்க, இவளுக்கு வாய் வரல, இவளுக்குத்தான் திமிரோன்னு கேட்டிருந்த. திமிர் இல்லடி. நான் அவள சின்ன வயசுலேர்ந்து பாக்குறேன், அவ பேசுறதுக்கு முன்னாடி ஒரு செகண்ட் எதிர்ல இருக்கறவங்க முகத்தப் பார்ப்பா, அந்த ஒரு செகண்ட்தான் அவங்களுக்கு விறைப்பா தெரியுது போல.

இத நான் சும்மா சொல்லல. போன வாரம் அம்மாவுக்கு கண்ணாடி வாங்கப் போனோம். உனக்கே தெரியும் அம்மா எப்படின்னு, நமக்கு ஏழாவதுல கணக்கு எடுத்த டீச்சர், இப்ப 81 வயசு, காது நல்லா கேக்குது, நெனப்பு நம்மள விட தெளிவு. கடைக்குள்ள நுழைஞ்சதும் ஒரு பையன் ஓடி வந்தான், 22 வயசு இருக்கும், "வாங்க பாட்டி, வாங்க வாங்க செல்லக்குட்டி, பயப்படக் கூடாது என்ன"ன்னு பாட்டுப் பாடற மாதிரி இழுத்து பேசிக்கிட்டே அம்மா தோள்ல கை போட்டான், அப்புறம் அம்மா தலைக்கு மேல என்னப் பார்த்து "அக்கா, பாட்டிக்கு எந்த கலர் பிடிக்கும்?"னு கேட்டான். அம்மா முகம் சுருங்கிப் போச்சு. கோபம் கூட இல்ல, ஏதோ கைல இருந்தத பிடுங்கிட்ட மாதிரி. "எனக்கு என்ன கலர் பிடிக்கும்னு எனக்குத் தெரியும்ப்பா"ன்னு மெதுவா சொன்னாங்க, அவன் அதுக்கும் "அச்சோ சமத்து"ன்னு சிரிச்சான். அந்த பையன் கெட்டவன்னு நான் சொல்ல மாட்டேன், அவன் பாசமாதான் பேசறதா நெனச்சான். ஆனா எனக்கு வயித்த என்னவோ பண்ணிச்சு.

வயசானவங்கள இப்படி குழந்தை மாதிரி பேசறதுக்கு ஆராய்ச்சி பண்றவங்க எல்டர்ஸ்பீக்னே ஒரு பேர் வச்சிருக்காங்க. முதியோர் இல்லங்கள்ல பார்த்திருக்காங்க, மறதி நோய் வந்தவங்க கூட, இந்த மாதிரி கொஞ்சிப் பேசினா, சாதாரணமா பேசறத விட அதிகமா முரண்டு பிடிக்கிறாங்களாம். பேர் மறந்து போனவங்களுக்கே அது உறுத்துதுன்னா எங்க அம்மாவுக்கு உறுத்தாதா?

அப்புறம் அங்க வேற ஒரு பொண்ணு வந்தாங்க, கொஞ்சம் மூத்தவங்க, 40 இருக்கும். ஒரு ஸ்டூல இழுத்துப் போட்டு அம்மா கண்ணுக்கு நேரா உக்காந்தாங்க. "படிக்கறதுக்குங்களா, நடக்கும்போது போடறதுக்குங்களா?" அவ்வளவுதான் முதல் கேள்வி. அப்புறம் அளவு எடுக்கணும், அந்த வேலை எப்படின்னு உனக்குத் தெரியுமோ என்னவோ, ரெண்டு கண்மணிக்கும் நடுவுல எத்தனை மில்லிமீட்டர்னு பார்க்கணும், பெரியவங்களுக்கு சுமாரா 54லேர்ந்து 74 வரைக்கும் ஆளாளுக்கு மாறும், பைஃபோகல்னா, அதாவது மேல தூரத்துக்கு கீழ படிக்கன்னு ரெண்டு பவர் இருந்தா, கீழ் இமை மட்டத்துல கோடு வரணும்னு ஃப்ரேம மாட்டி மார்க் பண்ணணும், இதுக்கெல்லாம் மூச்சுக் காத்து படற அளவுக்கு முகத்துக்கிட்ட வந்தாகணும். அவங்க ஒவ்வொரு தடவையும் "கிட்ட வரேங்க", "காதுகிட்ட கை வைக்கலாங்களா?"ன்னு கேட்டுட்டுதான் தொட்டாங்க. அம்மா "ம்"னு தலையாட்டினாங்க, ரெண்டாவது நிமிஷத்துல அவங்களே "இந்த காது கொஞ்சம் தாழ்வு, பாத்து வளை"ன்னு டீச்சர் குரல்ல சொல்ல ஆரம்பிச்சிட்டாங்க!

எட்வர்ட் ஹால்னு ஒரு அமெரிக்க மானுடவியலாளர் 1966ல எழுதினது எனக்கு அப்ப ஞாபகம் வந்துது, ஆளுக்கு ஆள் விடற தூரத்த அளந்து பார்த்தவர். ஒன்றரை அடிக்குள்ள ரொம்ப நெருங்கினவங்க மட்டும், நாலு அடி வரைக்கும் தெரிஞ்சவங்க, அதுலேர்ந்து பன்னெண்டு அடி வரைக்கும் கடை, ஆபீஸ் மாதிரி வெளி விவகாரம், இது அமெரிக்கால பார்த்த கணக்கு, மத்த இடத்துல மாறும்னு அவரே சொல்லியிருக்கார். கண்ணாடிக் கடை, செருப்புக் கடை, ஜாக்கெட் அளவு எடுக்கற இடம், இங்கெல்லாம் அந்த ஒன்றரை அடிக்குள்ள முன்பின் தெரியாதவங்க வந்துதான் ஆகணும், வேற வழி இல்ல. அப்ப கை கிட்ட வருதுன்னா வாய் கொஞ்சம் தள்ளி நிக்கணும் இல்லையா, அந்தப் பையன் ரெண்டையும் ஒண்ணா கொண்டாந்துட்டான், அம்மாவுக்கு நகர இடமே இல்லாம போச்சு.

இன்னொன்னு கவனிச்சேன். அந்தப் பொண்ணு அரை மணி நேரத்துல அம்மாவ ஒரு தடவ கூட எந்த உறவு சொல்லியும் கூப்பிடல, மேடம்னும் சொல்லல. நம்ம பேச்சுல அதுக்கு இடம் இருக்குடி, இந்த "ங்க" ஒண்ணு போதும். சொல்லுங்க, பாருங்க, ஆமாங்க, இல்லீங்க. மரியாதை முழுக்க அதுக்குள்ள வந்துடுது, எதிர்ல இருக்கறவங்க அக்காவா ஆன்ட்டியா பாட்டியான்னு வயச எடை போட வேண்டிய அவசியமே இல்ல. உறவு சொல்லிக் கூப்பிட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு தீர்ப்பு சொல்ற மாதிரி ஆகுது, 35 வயசுல ஒருத்தி ஆன்ட்டின்னு கேட்டுட்டு கண்ணாடி முன்னாடி நின்னு துணி வச்சுப் பார்க்கும்போது அவ மனசு எங்க துணில இருக்கும்? உன் பொண்ணுகிட்ட இத சொல்லு, சூப்பர்வைசர்கிட்டயும் சண்டை போடாம சொல்லிப் பார்க்கலாம், "செல்லம் வேணாங்க, நான் ங்க போட்டு நல்லா சிரிச்சுப் பேசறேன்"னு.

மரியாதைச் சொல்லு போட்டுட்டா மட்டும் போதும்னும் நான் நெனைக்கல. சுவீடன்ல 1960கள் கடைசில எல்லாரும் எல்லாரையும் "நீ"ன்னு பேசற பழக்கத்துக்கு மாறினாங்க. 1967ல அங்க மருத்துவ வாரியத் தலைவர் ப்ரோர் ரெக்ஸெட், ஆபீஸ்ல எல்லாரையும் இனிமே "டு"ன்னுதான், அதாவது நீன்னுதான் கூப்பிடுவேன்னு சொன்னது பெருசா பேசப்பட்டுது. அப்புறம் ஒரு தலைமுறை கழிச்சு கடைல வேலை பாக்கற சின்னப் பிள்ளைங்க கஸ்டமருக்கு மரியாதை குடுக்கணும்னு "நி", அதாவது நீங்கன்னு சொல்ல ஆரம்பிச்சா, வயசானவங்களுக்கு அதுவே சுருக்குன்னு இருந்துது. ஏன்னா அவங்க காலத்துல அந்த "நி" பட்டம் பதவி இல்லாதவங்கள கொஞ்சம் கீழ வச்சுப் பேசற சொல்லு. சொன்னவங்க மனசுல மரியாதை, கேட்டவங்க காதுல அவமானம், ரெண்டு பக்கமும் பொய் இல்ல. இதப் படிச்சதுலேர்ந்து எனக்கு ஒண்ணு தெளிவாச்சு, எப்படி கூப்பிடணும்னு சொல்ற உரிமை கூப்பிடப்படறவங்களுக்குத்தான், அக்கான்னு கூப்பிட்டா சந்தோஷப்படறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, அவங்க முகத்துலயே அது தெரிஞ்சிடும். அதுக்குத்தான் அந்த ஒரு செகண்ட் முகத்தப் பார்க்கணும்ங்கறேன்.

அந்த சூப்பர்வைசரையும் முழுசா குத்தம் சொல்ல முடியல. கஸ்டமர் மாதிரி ஆள அனுப்பி, வரவேற்றாங்களா, சிரிச்சாங்களா, பேர் சொன்னாங்களான்னு மார்க் போட வைக்கிறாங்களே, அந்த லிஸ்ட்ல பாசம்னு ஒரு கட்டம் இருந்தா அவங்க என்ன பண்ணுவாங்க. பில் போடும்போது "பத்துக்குப் பத்து போடுங்க அக்கா, ப்ளீஸ்"னு கெஞ்சுதுங்களே பிள்ளைங்க, அது ஏன்னு தெரியுமா? பல இடத்துல வச்சிருக்கற கணக்குல 9ம் 10ம் தான் சேரும், 7, 8 ரெண்டையும் கூட்டவும் மாட்டாங்க, கழிக்கவும் மாட்டாங்க, 6க்கு கீழ, 6 உள்பட, மைனஸ். நாம நல்லாருக்குன்னு நெனச்சு 8 போடறோம், அந்தப் பிள்ளைக்கு அது ஒண்ணுமே இல்லாம போகுது. இது தெரிஞ்சதுலேர்ந்து ஒழுங்கா வேலை பார்த்தவங்களுக்கு நான் 10 தான் போடறேன்.

நாம கவுண்டர்ல நின்ன அந்த ரெண்டு வருஷம் ஞாபகம் இருக்கா? உக்கார ஸ்டூல் கிடையாது, சாயங்காலம் கால் வீங்கி செருப்புக்குள்ள போகாது. வர்றவங்க விரலச் சொடக்கி "ஏ பொண்ணு, இத எடு"ம்பாங்க, நாம "எடுக்கறேங்க"ம்போம். ஒரு பக்கம் ஏ, ஒரு பக்கம் ங்க. இப்ப பிள்ளைங்க நெஞ்சுல பேர் எழுதி பேட்ஜ் மாட்டிருக்காங்க, வர்றவங்க அதப் படிச்சு, பேத்திய கூப்பிடற மாதிரி பேர் சொல்லிக் கூப்பிடறாங்க, சில ஆம்பளைங்க அதையே சாக்கா வச்சு பேச்ச வளர்க்கறாங்க, அந்தப் பிள்ளைக்கு அவங்க பேர் தெரியாது. அளவுக்கு மீறின நெருக்கம் அந்தப் பக்கத்துலேர்ந்தும் வருது, அதுக்கு யார்கிட்ட போய் கம்ப்ளெயின்ட் பண்ணுவா? நான் இப்ப கடைக்குப் போனா பேட்ஜப் பார்த்து பேர் சொல்றதில்ல, நீங்கன்னுதான் பேசறேன், 18 வயசுப் பிள்ளையா இருந்தாலும். முதல்ல சிலது திகைச்சுப் பார்க்கும், அப்புறம் நிமிர்ந்து நிக்கும்.

உன் பொண்ணு வீட்டுக்கு வந்து யார்கூடயும் பேசாம படுத்துக்கறான்னு எழுதினல்ல, அத நீ லேசா எடுத்துக்காத. ஆர்லி ஹாக்ஸ்சைல்ட்னு ஒரு சமூகவியலாளர் 1983லயே விமானப் பணிப்பெண்கள வச்சு இத எழுதியிருக்காங்க, உணர்ச்சியையே வேலையா செய்யறதுன்னு. மனசுல இல்லாத பாசத்த நாள் முழுக்க முகத்துல கொண்டு வரணும்னா சாயங்காலம் வீட்டுல இருக்கறவங்களுக்குன்னு மிச்சம் ஒண்ணும் இருக்காதுடி. ஒரு நாளைக்கு நூறு பேர செல்லம்னு சொல்லிட்டு வந்தா, தம்பிப் பையன கொஞ்சணும்னா கூட அந்தச் சொல்லு வாய்ல கசக்கும். அவ சொல்ல மாட்டேங்கறது அத காப்பாத்தி வச்சுக்கறதுக்குத்தான்னு எனக்குத் தோணுது. வேலைய விடச் சொல்லாத, ஆனா திமிர்னு நீயும் சொல்லிடாத, வீட்டுலயும் அதையே கேட்டா அவ எங்க போவா.

கண்ணாடி நேத்துதான் ரெடியாச்சு, நானே போய் வாங்கிட்டு வந்தேன். அந்தப் பொண்ணு அம்மா எப்படி இருக்காங்கன்னு கேட்டு, காதுகிட்ட வளையற இடத்துல அழுத்தினா கொண்டு வாங்க, சரி பண்ணித் தரேன்னு சொன்னாங்க. வந்ததும் அம்மா முதல்ல படிச்சது உன் லெட்டரத்தான், நான் படிச்சுக் காட்டறேன்னா விடல. படிச்சு முடிச்சுட்டு உன் பொண்ணப் பத்தி எழுதின பக்கத்த மட்டும் தனியா எடுத்து வச்சிக்கிட்டாங்க, அவளுக்கு அவங்களே ஒரு லெட்டர் எழுதணுமாம், அவ கடை விட்டு எத்தனை மணிக்கு வீட்டுக்கு வருவான்னு கேட்டு எழுதச் சொன்னாங்க, அப்புறமா போன்லயும் பேசணுமாம்.

உடம்ப பாத்துக்க. சீக்கிரம் பதில் போடு.

உன் பழைய பெஞ்ச்மேட்